தொண்ணூறு நாள் விருந்து

சில ஆண்டுகளுக்கு முன்பு, மே மாதம் முதல் தேதி காலையில், லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தில் பாரிஸ் வண்டிக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற வயது முதிர்ந்த அமெரிக்க அம்மையார் ஒருவர், கைப்பையிலிருந்து உள்ளங்கை அகலமே உள்ள ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அதில் எழுதியிருந்த தேதிகளைப் பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டு வந்தார். எண்ணி முடித்ததும், பெட்டிகளுக்குக் காவலாக நின்ற தம் கணவரைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் 60 நாள் இருக்கிறது நமக்கு" என்றார். அதைக் கேட்ட பெரியவரின் முகம் மலர்ந்ததைக் கண்டபோது, அந்த அறுபது என்ற எண்ணுக்குள் அவர்களுடைய கோடைகாலம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது எனக்கு விளங்கிற்று.

அந்த நிலையத்தில் ஒரு விசேஷம் உண்டு. பிரிட்டிஷ் மண்ணில் நிற்கும்போதே, கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்திருக்கும் பிரெஞ்சுப் போலீஸ் அதிகாரி நம்முடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பரிசீலனை செய்கிறார். கடலுக்கடியில் சுரங்கம் அமைத்து ரயில் விட்ட இரண்டு அரசாங்கங்களும் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பிரான்ஸ் தேசத்தின் வாசற்படி லண்டன் நகரத்துக்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டது. அந்த வாசற்படியை ஓர் அமெரிக்கப் பிரஜை எவ்விதம் தாண்டுகிறார், எத்தனை நாள் உள்ளே இருக்கலாம், எதைக் காட்டினால் போதும், எதை மறந்தால் சங்கடம் என்பதையெல்லாம் அன்று முதல் சிரத்தையோடு கவனித்து வந்திருக்கிறேன். அமெரிக்காவில் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பல்கிவிட்ட இந்நாளில், இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயமென்று தள்ளிவிடவும் முடியாது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம்மவர் வழக்கு. பிரான்ஸ், அமெரிக்க விருந்தினருக்கு அந்த மூன்றைத் தொண்ணூறாகப் பெருக்கித் தந்திருக்கிறது. உல்லாசப் பிரயாணத்துக்காகவோ, உறவினரைக் காண்பதற்காகவோ, வியாபாரப் பேச்சுக்காகவோ வருகிற அமெரிக்கப் பிரஜை விஸா எதுவும் பெற வேண்டியதில்லை. ஆனால் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கியிருத்தல் ஆகாது. இந்த 90 நாள் பிரான்ஸுக்கு மட்டும் உரியதல்ல, ஷெங்கன் மண்டலம் முழுவதற்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது என்பதே புதிதாகச் செல்பவர்கள் பெரும்பாலும் அறியாமல் இடறிவிழும் இடம். ரோமாபுரியில் கழித்த பத்து நாளும், ஆம்ஸ்டர்டாமில் கழித்த ஐந்து நாளும், பாரிஸில் தங்கிய நாட்களோடு ஒரே கணக்கில்தான் பற்று வைக்கப்படும்.

ஷெங்கன் என்பது லக்ஸம்பர்க் நாட்டில், மோஸெல் நதிக்கரையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூர். பிரான்ஸும் ஜெர்மனியும் லக்ஸம்பர்க்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் அந்த இடத்தில், நதியின்மீது நின்ற ஒரு கப்பலில், 1985-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி, அந்த மூன்று நாடுகளும் பெல்ஜியமும் நெதர்லாந்தும் கூடித் தம்மிடையே உள்ள எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்கிக்கொள்வதென்று கையெழுத்திட்டன. 1995 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. இரண்டு மகா யுத்தங்களில் இலட்சக்கணக்கான இளைஞர்கள் எந்த எல்லைகளுக்காக உயிரை விட்டார்களோ, அந்த எல்லைகளை இன்று பள்ளிச் சிறுவர்கள் சைக்கிளில் கடந்து போகிறார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சம் நெகிழ்வதுண்டு. இன்று அந்த மண்டலத்தில் 29 நாடுகள். ஐரோப்பிய யூனியனில் சேராத ஸ்விட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீச்டென்ஸ்டைன் ஆகியவை இதற்குள் இருக்கின்றன. யூனியனில் உள்ள அயர்லாந்து வெளியே நிற்கிறது. பிரிட்டன் எக்காலத்திலும் இதில் சேர்ந்ததில்லை.

இனி அம்மையாரின் நோட்டுப் புத்தகத்துக்கு வருவோம். 180 நாள் என்றால் ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஒரு பாதி, ஜூலையிலிருந்து டிசம்பர் வரை மறுபாதி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்; அது பிழை. அந்தக் காலவரம்பு நின்ற இடத்தில் நிற்பதில்லை. நாள்தோறும் நம்மோடு கூடவே நகர்ந்து வருகிறது. ஒருவர் பிரான்ஸில் இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாளை எண்ண வேண்டும். அதற்குள் உள்ளே இருந்த நாட்களைக் கூட்ட வேண்டும். கூட்டுத் தொகை 90-ஐத் தாண்டாதவரை அவர் முறைப்படி இருக்கிறார். வந்து சேர்ந்த நாளும் ஒரு நாள், புறப்பட்டுப் போன நாளும் ஒரு நாள்; இரவு பதினொன்றரை மணிக்கு வந்து இறங்கினாலும் அன்றைய தேதி முழுதாகவே கணக்கில் ஏறிவிடும்.

அந்தத் தம்பதிகள் ஜனவரி 10-ஆம் தேதி வந்து, பிப்ரவரி 8-ஆம் தேதி ஊர் திரும்பியவர்கள். அதில் 30 நாள் கழிந்தது. இப்பொழுது மே முதல் தேதி மறுபடியும் நுழைகிறார்கள். மீதமுள்ள 60 நாள் ஜூன் 29-ஆம் தேதியோடு தீர்ந்துபோகும். அன்றிலிருந்து 180 நாள் பின்னோக்கிச் சென்றால் ஜனவரி முதல் தேதியில் போய் நிற்கும். ஆகவே ஜனவரிப் பிரயாணம் முழுவதும் இன்னும் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. ஜூன் 30-ஆம் தேதி உள்ளே இருந்தால் அது 91-ஆவது நாள். ஆனால் ஜூலை 9-ஆம் தேதி வரும்போது, பின்னோக்கிய எண்ணிக்கை ஜனவரி 11-ஆம் தேதியோடு நின்றுவிடுகிறது. ஜனவரி 10 கணக்கைவிட்டு உதிர்ந்துபோகிறது. உதிர்ந்த அந்த ஒரு நாளுக்கு ஈடாக அன்று ஒரு நாள் உள்ளே இருக்கலாம். மறுநாள் இன்னொன்று உதிரும். இப்படியே ஆகஸ்ட் 7-ஆம் தேதி வரையில் இன்னும் 30 நாள் கிடைக்கும். இந்தக் கணிதத்தை எந்த உபாத்தியாயரும் பள்ளியில் கற்பிப்பதில்லை. ஆனால் பேரனின் பிறந்த நாள் ஜூலை 5-ஆம் தேதியில் வந்து, அவன் லியோன் நகரத்தில் வசிப்பவனாகவும் இருந்துவிட்டால், பாட்டிக்கு இந்தக் கணிதம்தான் உலகத்திலேயே முக்கியமானதாகிவிடுகிறது. இடைப்பட்ட ஒன்பது நாளை அயர்லாந்திலோ பிரிட்டனிலோ கழித்துவிட்டுத் திரும்புவோர் பலர். பிரிட்டனுக்கும் இப்போது, 2025 ஜனவரி முதல், அமெரிக்கர்கள் முன்கூட்டியே மின்னணு அனுமதி பெற்றாக வேண்டும்.

கூண்டிலிருந்த அதிகாரி அம்மையாரின் பாஸ்போர்ட்டை வாங்கி, பக்கங்களைப் புரட்டிப் பழைய முத்திரைகளைத் தேடினார். அந்த முத்திரைகளைக் கிட்டத்திலே பார்த்திருப்பவர்களுக்கு அவற்றின் நயம் தெரியும். இடது மேல் மூலையில் நட்சத்திர வளையத்துக்குள் நாட்டின் எழுத்து, பிரான்ஸுக்கு 'எஃப்'. மற்றொரு மூலையில், விமானமோ ரயில் எஞ்சினோ மோட்டாரோ கப்பலோ, வந்த வழிக்கேற்ற ஒரு சிறு சித்திரம். நடுவில் தேதி, அடியில் சாவடியின் பெயர். உள்ளே வந்ததற்கான முத்திரை நேர்முனைகள் கொண்ட செவ்வகம். வெளியே போனதற்கானது முனைகள் வளைந்த செவ்வகம். ஜனவரி 10-இன் செவ்வகத்தையும், பிப்ரவரி 8-இன் வளைந்த முனைகளையும் அவர் கண்டுபிடித்து, மனத்துக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, புதிய முத்திரையை அழுத்தி வைத்தார். மை மங்கலாக விழுந்திருக்கிறதோ என்று அம்மையார் உடனே பாஸ்போர்ட்டைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது நியாயமே. வெளியேறிய தேதியைக் காட்டும் முத்திரை தெளிவில்லாமற்போனால், ஒழுங்காகத் திரும்பிப் போனவர்கூட வரம்பு மீறியவராகத் தோன்றிவிடக்கூடும் அல்லவா?

இன்றைக்கு இயல்பாகத் தோன்றும் இந்த விஸா இல்லாப் பிரவேசம், எப்போதும் இவ்விதம் இருந்ததில்லை. 1914-க்கு முன்பு பாஸ்போர்ட்டே இல்லாமல் அமெரிக்கர்கள் பிரான்ஸில் வந்து இறங்கி, மாதக் கணக்கில் வாசம் செய்துவிட்டுப் போனார்கள். முதல் மகா யுத்தம் அந்தச் சுதந்திரத்தை விழுங்கிவிட்டது. யுத்தம் முடிந்தபின், 1920 அக்டோபரில், சர்வதேச சங்கத்தின் ஆதரவில் பாரிஸில் கூடிய மகாநாடுதான், இன்று நம் சட்டைப்பையில் உள்ள பாஸ்போர்ட் புத்தகத்துக்குப் பொதுவான ஓர் உருவத்தை வகுத்தது. இரண்டாம் யுத்தத்துக்குப் பிற்காலத்தில் அமெரிக்கர்களுக்கு விஸா வேண்டாமென்ற நிலை ஏற்பட்டு நெடுநாள் நீடித்தது.

பிறகு 1986 செப்டம்பர் வந்தது. பாரிஸ் நகரத்தின் தபால் நிலையத்திலும் உணவு விடுதியிலும் கடைத்தெருவிலும் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்துக் குற்றமற்ற ஜனங்கள் மடிந்த அந்த மாதத்தில், பிரதம மந்திரி ழாக் ஷிராக்கின் அரசாங்கம், ஐரோப்பிய சமூகத்து நாடுகளையும் ஸ்விட்சர்லாந்தையும் தவிர, வேறெந்த நாட்டார் வந்தாலும் விஸா வேண்டுமென்று அறிவித்தது. அமெரிக்கர்களும் அதற்கு விலக்கல்லர். நார்மண்டிக் கடற்கரையில் தம் தோழர்களைப் புதைத்துவிட்டுப் போன முதியவர்கள், அக்கல்லறைகளைத் தரிசிக்க வருவதற்குக்கூடத் தூதரகத்தின் வாசலில் காத்து நிற்க வேண்டியதாயிற்று. 1989 ஜூலையில், பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு விழா கொண்டாடப்பட்ட அதே மாதத்தில், அமெரிக்கா தன்னுடைய புதிய விஸா விலக்குத் திட்டத்தில் பிரான்ஸைச் சேர்த்துக்கொள்ள, பிரான்ஸும் அமெரிக்கர்களுக்குக் கதவைத் திறந்தது.

பரஸ்பரம் என்ற சொல்தான் இந்த விஷயத்தின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். ஒரு தேசம் தன் வாசலில் எதைச் செய்கிறதோ, அது சில காலம் கழித்து மற்றொரு தேசத்தின் வாசலில் அதன் பிரஜைகளுக்கே திரும்பி வருகிறது. போலந்து, ருமேனியா, பல்கேரியா, குரோஷியா, சைப்ரஸ் ஆகிய ஐந்து நாட்டாரிடம் அமெரிக்கா விஸா கேட்டு வந்ததால், 2017 மார்ச்சில் ஐரோப்பியப் பாராளுமன்றம், அமெரிக்கர்களுக்கும் விஸாவைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியது. அது செயலுக்கு வரவில்லை என்பது உண்மை. ஆயினும் 2019-இல் போலந்துக்கும், 2021-இல் குரோஷியாவுக்கும் அமெரிக்கா விலக்களித்துவிட்டது. 2004 முதல் ஐரோப்பியப் பிரயாணிகளின் விரல் ரேகையை அமெரிக்க விமான நிலையங்களில் பதிவு செய்தார்கள். 2009 முதல் விமானம் ஏறுவதற்கு முன்பே மின்னணு அனுமதி பெற்றாக வேண்டுமென்று விதித்தார்கள். அந்த இரண்டையும் இப்பொழுது ஐரோப்பா தன் வாசலில் அமைத்து வருகிறது.

அவற்றுள் முதலாவது ஏற்கெனவே வந்துவிட்டது. 2025 அக்டோபர் 12-ஆம் தேதி, வருகையையும் புறப்பாட்டையும் பதிவு செய்யும் புதிய ஏற்பாடு ஷெங்கன் எல்லைகளில் தொடங்கப்பட்டது. ஆறு மாத அவகாசத்தில் படிப்படியாக எல்லாச் சாவடிகளுக்கும் அதைப் பரப்பி, 2026 ஏப்ரல் 10-ஆம் தேதிக்குள் முத்திரை குத்துவதையே விட்டுவிடுவதென்று வகுத்துக்கொண்டார்கள். பிரயாணி முதல் முறை வரும்போது அவருடைய முகத்தைப் படமெடுத்து, நான்கு விரல்களின் ரேகையையும் பதிந்துகொள்கிறார்கள். பன்னிரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு ரேகைப் பதிவு கிடையாது. இதற்குக் கட்டணமுமில்லை. 90 நாள் கணக்கை இனி இயந்திரமே எண்ணும். முன்பெல்லாம் ஒரு நாள் இரண்டு நாள் தவறினால் அதிகாரியின் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும். இயந்திரத்துக்கோ மறதி என்பது இல்லை. வரம்பு மீறினால் அபராதம் விதிக்கவும், சில காலம் உள்ளே வரக்கூடாதென்று தடை செய்யவும் சட்டத்தில் இடமுண்டு.

இரண்டாவதான முன் அனுமதிக்கு 'எடியாஸ்' என்று பெயர். 2018-ஆம் ஆண்டிலேயே சட்டமாகி, பல முறை தள்ளிப்போடப்பட்டு, 2026-ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் தொடங்குவதாகத் திட்டமிடப்பட்டிருக்கிறது. கட்டணம் 20 யூரோ. 18 வயதுக்குக் குறைந்தவர்களும் 70 வயதைக் கடந்தவர்களும் கட்ட வேண்டியதில்லை. ஒரு முறை பெற்றால் மூன்று ஆண்டு செல்லும். அதற்குள் பாஸ்போர்ட்டின் காலம் முடிந்துவிட்டால் அனுமதியும் அதோடு முடிந்துவிடும். இதை விஸா என்று சொல்வது சரியல்ல. நேர்காணலோ, தூதரகத்துக்கு நடையோ பொதுவாக இதில் கிடையாது. ஆனால் தொடங்குவதற்கு முன்பே பெற்றுத் தருகிறோமென்று பணம் கேட்பவரிடம் ஒரு காசும் கொடுத்து ஏமாறக்கூடாது என்பதைக் குடும்பத்தில் உள்ள பெரியவர்களுக்கு நாம் வற்புறுத்திச் சொல்ல வேண்டும்.

விஸா வேண்டாமென்றால் வெறுங்கையோடு வரலாமென்று பொருளல்ல. பாஸ்போர்ட், பிரயாணி ஷெங்கன் மண்டலத்தைவிட்டுப் புறப்பட எண்ணியுள்ள நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். நுழையும் நாளில் அது வழங்கப்பட்டுப் பத்து ஆண்டு ஆகாதிருக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்தே ஆண்டுக்குச் செல்வதாகையால், பெற்றோரின் தேதியைப் பார்த்துத் திருப்தியடைந்து குழந்தையின் தேதியைப் பாராமல் விமான நிலையத்துக்கு வந்து கண்ணீரோடு திரும்பும் குடும்பங்கள் உண்டு. இவை தவிர, எங்கே தங்கப்போகிறார், செலவுக்கு என்ன வழி, திரும்பிப் போகும் டிக்கட் உண்டா, மருத்துவச் செலவுக்குக் காப்பீடு உண்டா என்று கேட்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பெரும்பாலோரிடம் கேட்பதில்லை, கேட்டால் காட்டியாக வேண்டும். செலவுத் தொகையைப் பிரான்ஸ் கணக்கிட்டே வைத்திருக்கிறது: ஹோட்டலில் அறை ஏற்பாடு செய்திருப்பவருக்கு நாளொன்றுக்கு 65 யூரோ, அவ்வித ஏற்பாடு இல்லாதவருக்கு 120 யூரோ, ஒருவர் வீட்டில் விருந்தாளியாகத் தங்குபவருக்கு 32.50 யூரோ.

இந்தக் கடைசி வகையில் ஓர் அழகிய சம்பிரதாயம் இருக்கிறது. விருந்தாளியை வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் தம் ஊர் நகரசபை அலுவலகத்துக்குச் சென்று, தம் வீட்டின் அளவையும் வருமானத்தையும் தெரிவித்து, 30 யூரோ முத்திரை வரி செலுத்தி, வரவேற்புச் சான்றிதழ் ஒன்று பெறுகிறார். அதன் மூலப் பிரதியைக் கடல் கடந்து விருந்தாளிக்கு அனுப்பிவைக்கிறார். விருந்தாளி அதைக் கையில் ஏந்தி வருகிறார். 'இவர் எங்கள் வீட்டு விருந்தினர், இவருக்கு நான் பொறுப்பு' என்று ஒரு குடும்பம் தன் தேசத்துக்கு எழுதிக்கொடுக்கும் வாக்குமூலமாகவே அதை நான் பார்க்கிறேன். உள்ளே வந்த பிறகும் பாஸ்போர்ட்டைப் பெட்டியடியில் புதைத்துவிடக் கூடாது. 2015 நவம்பர் முதல் பிரான்ஸ் தன் அண்டை நாட்டு எல்லைகளிலும் சோதனையை மறுபடி ஏற்படுத்தி நீட்டித்துக்கொண்டே வருவதால், மிலானிலிருந்தோ பார்ஸிலோனாவிலிருந்தோ வரும் ரயிலிலும் அதைக் கேட்கலாம்.

மூன்று மாதத்துக்கு மேல் தங்க விரும்புவோர், படிக்கவோ, உத்தியோகம் பார்க்கவோ, ஓய்வுக்காலத்தை அங்கே கழிக்கவோ வருவோர், அமெரிக்காவை விட்டுப் புறப்படும் முன்பே நீண்ட கால விஸா பெற்றாக வேண்டும். உல்லாசப் பிரயாணியாக வந்து இறங்கிவிட்டு, ஊர் பிடித்துப்போயிற்று, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றால் பிரான்ஸ் பொதுவாக இணங்குவதில்லை. பசிபிக் கடலிலுள்ள பிரெஞ்சுப் பாலினீசியாவும், கரிபியன் தீவுகளான மார்ட்டினிக்கும் குவாடலூப்பும், இந்து மகா சமுத்திரத்து ரியூனியனும் பிரான்ஸின் கொடி பறக்கும் இடங்களேயாயினும் ஷெங்கனுக்குப் புறம்பானவை. அங்கே கழிக்கும் நாட்கள் ஐரோப்பியக் கணக்கில் ஏறுவதில்லை. கரும்புத் தோட்ட வேலைக்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறிய நம் முன்னோரின் சந்ததியார் ரியூனியனில் இன்றும் கோயில் கட்டித் தீமிதித்து வாழ்கிறார்கள் என்பதால், அத்தீவின் பெயரைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

நம்மவர்கள் மிகவும் இடறுவது வேறோர் இடத்தில். மேலே சொன்ன சலுகை அனைத்தும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு உரியது. அமெரிக்காவில் குடியிருப்பதற்கு உரியதன்று. பச்சை அட்டை பெற்று இருபது ஆண்டு அங்கே வாழ்ந்தவரேயாயினும், கையில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் பிரான்ஸுக்கு முறைப்படி விஸா வாங்கித்தான் செல்ல வேண்டும். ஒரே வீட்டில், நியூ ஜெர்ஸியில் பிறந்த கைக்குழந்தைக்கு விஸா வேண்டாம். அதை இடுப்பில் சுமந்து வரும் தாய்க்கும், பின்னால் பெட்டி தள்ளி வரும் தந்தைக்கும் வேண்டும். இதை அறியாமல் மூவருக்கும் டிக்கட் வாங்கிவிட்டுப் பிறகு பரிதவிக்கும் இளந்தம்பதிகளை நான் அறிவேன்.

அன்று எங்கள் வண்டி சுரங்கத்தைக் கடந்து, வட பிரான்ஸின் பசுமையான சமவெளிகளைப் பிளந்துகொண்டு, இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்தில் வந்து நின்றது. லண்டனிலேயே பரிசீலனை முடிந்துவிட்டபடியால் எங்களை யாரும் நிறுத்தவில்லை, எதையும் கேட்கவில்லை; உள்ளூர் வண்டியில் வந்தவர்களைப்போலப் பிளாட்பாரத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டோம். மே தினத்தன்று பிரெஞ்சுக்காரர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வெள்ளை மணிப்பூக்களைச் சிறு சிறு கொத்துகளாகக் கட்டி வாசலோரத்தில் விற்றுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஒரு கொத்து வாங்கினார். அம்மையார் பெட்டியின்மேல் நோட்டுப் புத்தகத்தை வைத்துத் திறந்து, பிப்ரவரி 8-க்கு நேரே எழுதியிருந்த 30-க்குக் கீழே, 'மே 1' என்று எழுதி, அதற்கு எதிரில் 31 என்று குறித்துக்கொண்டார்.